மைனஸ் பதினெட்டு

அந்தப் பெட்டியை வாங்கியபோது அவளைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள் கூடவே தூக்கிப்போகும் குளிர்பெட்டி அது. வாங்கும்போது சுற்றியிருந்த அட்டையில், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, கையில் பழச்சாறோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். "என்ன மேடம், பிக்னிக்கா?" என்று ஆபீஸே கேட்டது. பிக்னிக்தான். புதுச் சாலைக்கு நிலம் அளக்கும் சர்வேயர் அவள். மாதத்தில் பாதி நாள் பொட்டல் வெளியில் கூடாரம், தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே முள். ஐந்து மாதப் பெண் குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு இப்படி ஒரு பிக்னிக் யாருக்கு வாய்க்கும்!

குழந்தையை வீட்டில் பூசணி என்றுதான் கூப்பிடுவார்கள். பூசணிக்கு டின் பால் ஆகாது. ஒரே ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, கணவனும் மனைவியும் செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மாட்டுப்பால் வாசனையே வேண்டாம், தாயும் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் டீயைக்கூடக் கருப்பாகத்தான் குடிக்கிறாள். விடுப்பு முடிந்து வேலைக்குக் கூப்பிட்டபோது, சேமிப்பைத் துடைத்து எடுத்து இந்தப் பெட்டியை வாங்கினாள்.

முகாமில் நேரம் கிடைத்தபோதெல்லாம் வேனின் பின்பக்கம் ஏறி, திரையை இழுத்துவிட்டு, கைப்பம்பால் பாலெடுப்பாள். சின்னச் சின்னப் பைகளில் ஊற்றி, தேதி எழுதி, பெட்டியில் அடுக்குவாள். மைனஸ் பதினெட்டு டிகிரியில் பால் கல்லாக உறைந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் டீசலும் தண்ணீரும் வாங்க டிரைவர் நகரத்துக்குப் போவார். போகிற போக்கில் பைகளை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். மூன்று மணி நேரப் பயணம். பெட்டி வண்டியிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு பைகூட இளகியதில்லை.

முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள். இது பால். உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்கக் கூடாது. வெயிலில் கிடந்தால் கொட்ட வேண்டியதுதான். தண்ணீர் பாட்டில் வைக்கிறேன் என்று யாரும் இதைத் திறக்காதீர்கள். டிரைவர் தலையாட்டினார். முகாமுக்குப் பெரியவரான எஞ்சினியர் மட்டும் அவள் பேசி முடிக்கும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. "மேடத்தோட ஐட்டம்" என்பார். பள்ளிக்கூடத்தில் பாடம் படித்த மனிதர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்!

அன்று காலை கணவன் போன் செய்திருந்தான்.

"இன்னும் ஒரு பைதான் இருக்கு. ராத்திரிக்கு அது சரியாப் போயிடும்."

"சாயங்காலம் டிரைவர் அண்ணன் கெளம்பிடுவாரு. ஒம்பது பை வருது. கவலைப்படாதீங்க."

ஒன்பது பை என்று சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் அளக்கப் போனாள்.

மதியம் திரும்பி வந்தபோது முகாமில் ஒரு பளபளப்பான கார் நின்றது. சாலைக் கான்டிராக்டர் வந்திருந்தார். தார்ப்பாய் நிழலில் மேசை போட்டு, அவரும் எஞ்சினியரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப். அதில் தண்ணீர், சோடா பாட்டில்கள். பாட்டில்களுக்கு இடையே அவளுடைய பைகள், துவண்டுபோய் மிதந்தன.

அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது மனதில் ஏறவேயில்லை. கிட்டே போய் ஒரு பையைத் தூக்கினாள். கொழகொழவென்று இருந்தது. தண்ணீரில் கையை விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. ஒரு பை மூலையில் கிழிந்து, டப்புத் தண்ணீரே வெளுத்துப்போயிருந்தது. முந்தாநாள் தேதி, அவளுடைய கையெழுத்தில், மை கரைந்து வழிந்தது.

"யார் எடுத்தது?"

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார் எஞ்சினியர். "சார் நம்ம எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்திருக்காரு. இந்த வெயில்ல உருகிடும்ல? அதான் உங்க பொட்டியில வச்சோம். இடம் பத்தல. உங்க ஐட்டத்தக் கொஞ்சம் வெளிய எடுத்தோம். சும்மா கெடக்குறதுக்கு சோடாவாவது ஜில்லுன்னு ஆகட்டுமேன்னு…"

அவள் வேனுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஐஸ்கிரீம் டப்பாக்கள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. பெட்டியின் வெப்பநிலை எண் மைனஸ் பதினெட்டு என்று எரிந்தது. பெட்டி பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. டிரைவர் வேனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க இங்கதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொன்னேன் மேடம்."

"என்ன சொன்னீங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "மனசுக்குள்ள சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஐஸ்கிரீம் டப்பாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வெயிலில் கிடந்த மண்மேட்டில் போட்டாள். எறியவில்லை. நிதானமாக, அடுக்கிவைக்கிற மாதிரி போட்டாள். கான்டிராக்டர் எழுந்து நின்றார்.

"என்னம்மா இது? காசு குடுத்து வாங்குனது!"

"இதுவும் சும்மா வரல சார்" என்று டப்பைக் காட்டினாள்.

எஞ்சினியருக்கு விருந்தாளி முன்னால் மானம் போகிறதே என்று முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரலைத் தேனாக்கிக்கொண்டார். "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. கெட்டா போச்சு? பொட்டியில திரும்ப வைங்க, சாயங்காலத்துக்குள்ள உறைஞ்சிடும். நீங்களும் டென்ஷன் ஆகாம ஒரு கப் ஐஸ்கிரீம் சாப்பிடுங்க."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்பார்களே, இந்த மனிதர் டின்னோடு கவிழ்த்தார். மாதக்கணக்காக அவள் நாக்கில் படாத ஐஸ்கிரீம்! எதற்காகப் படவில்லை என்று இந்த முகாமில் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மேசையில் அவருடைய சோடா டம்ளர் காலியாக இருந்தது. அவள் ஒரு பையின் வாயைக் கிழித்து, பாலை அதில் ஊற்றினாள். டம்ளர் பாதிக்கு வந்தது. அவர் முன்னால் நகர்த்தினாள்.

"குடிங்க சார்."

"என்ன வெளையாட்டு இது?"

"கெடலைன்னு சொன்னீங்களே. குடிங்க."

கான்டிராக்டர் தன் காரைப் பார்த்தார். நிலமளக்கச் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்கள், அளவுக் கம்பத்தைத் தோளில் சாய்த்தபடி தூரத்தில் அசையாமல் நின்றார்கள். எஞ்சினியரின் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைத் தொடக்கூட அவர் கை வரவில்லை. ஏதோ செத்த பல்லியைக் கொண்டுவந்து வைத்ததுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"உங்களுக்கு வேணாம்" என்றாள். குரல் நடுங்கியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. "அஞ்சு மாசக் கொழந்தைக்கு மட்டும் குடுக்கலாம். அப்படித்தானே?"

அவள் டப்பைத் தூக்கி அவர் காலடியிலேயே கவிழ்த்தாள். சோடா பாட்டில்கள் உருண்டன. பால் கலந்த தண்ணீரை மண் உடனே குடித்துவிட்டது.

"அண்ணே, வண்டிய எடுங்க. வீட்டுக்குப் போறோம்."

"மேடம்! நாளைக்கு அளவு முடியணும். மேலருந்து கேக்குறாங்க. யாரு அளப்பா?" என்று பின்னாலிருந்து கத்தினார் எஞ்சினியர். இப்போது தேனெல்லாம் வற்றிவிட்டது. "வேலை போயிடும், ஞாபகம் வச்சுக்கங்க!"

"சோடா குடிச்சவங்க அளக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

வேன் பெரிய சாலையைத் தொட்டதும் கணவனுக்குப் போன் செய்தாள். தானே வருவதாக மட்டும் சொன்னாள். அவன் காரணம் கேட்கவில்லை. "அந்தக் கடைசிப் பையை இப்பவே குடுத்திடட்டுமா? ரொம்ப அழுறா" என்றான்.

"குடுங்க."

காலையிலிருந்து எடுக்காததால் மார்பு கனத்துக் கல்லாகியிருந்தது. பின்சீட்டில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்லாமலேயே டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார். பம்பை வைத்து அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினாள். பக்கம் மாற்றினாள். வலி உயிர் போனது. பால் மட்டும் வரவில்லை.

பிரசவ வார்டு நர்ஸ் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. மனசு கொதிச்சா பால் இறங்காதும்மா, சாந்தமா இரு. சாந்தமா! அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். மூடிய கண்ணுக்குள் அந்த டம்ளரும், நாற்காலியைப் பின்னால் தள்ளிய அந்த மூஞ்சியும் வந்து நின்றன. இருந்ததைத்தான் நாசம் பண்ணினான் என்று பார்த்தால், இனி வர வேண்டியதையும் அல்லவா அடைத்துவிட்டான்! அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அந்த அழுகையின்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

சத்தம் கேட்டு டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "மேடம், ஒரு டீக்கடையில நிறுத்தட்டுமா? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு…"

"நிறுத்தாதீங்க."

"இல்ல மேடம், நான் அப்பவே வாயத் தொறந்து…"

"அண்ணே, எதுவும் சொல்லாதீங்க. மிதிங்க." அவள் காலிப் பம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். "அவளுக்கு அடுத்த பசி எடுக்கறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."