ஐந்து விழுதுகள்

சட்டியைப் பார்த்துத்தான் அது தன் மரம் என்று நோலீனுக்குத் தெரிந்தது. மரத்தைப் பார்த்துத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷம் காலை தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தை, சட்டியின் ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சி மேசை முன்னால் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது கோபம் இல்லை, குமட்டல். சாப்பிடும்போது வாயில் முடி சிக்கினால் வருமே, அந்தக் குமட்டல்.

நவம்பரில் அவளுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். எழுபத்தொரு வயதில் தனியாகக் கிடந்து அல்லாட முடியாது என்று மகள் டப்போ ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகுமுன் நோலீன் இந்த அத்தி மரத்தையும் இன்னொரு சட்டியில் இருந்த மேப்பிள் மரத்தையும் சங்கத் தலைவர் டார்சி பெவன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவர்களுடைய போன்சாய் சங்கத்தில் அது வழக்கம்தான். யாராவது ஆஸ்பத்திரிக்கோ வெளியூருக்கோ போனால் அவர்கள் மரங்கள் இன்னொருவர் வீட்டில் தங்கும். தங்க வந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், வெயில் பார்த்து நகர்த்தலாம், பூச்சி பார்க்கலாம். கத்தரி மட்டும் படக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத சட்டம். அடுத்தவன் மனைவியை வைத்த கண் வாங்காமல் பார்க்கக் கூடாது என்று யாராவது எழுதியா வைத்திருக்கிறார்கள்?

ஆனால் டார்சிக்குக் கை அரிப்பு. சும்மா இருக்கும் கிளையைக் கண்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அந்த அத்தியை நோலீன் கடையில் வாங்கவில்லை. ரயில்வே கிடங்கின் கூரைத் தகரத்துக்கும் மழைநீர்க் குழாய்க்கும் நடுவில், செங்கல் சுவரில், ஏதோ பறவை எச்சமிட்டு முளைத்தது. கிடங்கை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏணி வைத்து ஏறி, செங்கல்லோடு பெயர்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்துப் பாறைகளில் தானாக வளரும் அத்தி, ஆலமரம் மாதிரி விழுது விடுகிற ஜாதி, எப்படி இருக்குமோ அப்படியே அதை வளர்த்தாள். அகலமாக, தாழ்வாக, கிளைகள் இஷ்டத்துக்குச் சாய்ந்து, கீழே ஒரு மாட்டுக்கூட்டம் படுத்துக் கிடக்கலாம் போல. விழுதுகளுக்கு மட்டும் பதினொரு வருஷம் பிடித்தது. கிளையிலிருந்து மயிரிழை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தால் அதற்கு ஒரு ஸ்ட்ராவை நெடுக்கக் கீறி மாட்டி, உள்ளே ஈரப் பாசி திணித்து, மண்ணைத் தொடும் வரை தினமும் நனைக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தால் போச்சு, மறுபடி ஒன்று விடும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி இறக்கியவை ஐந்து. அதில் இரண்டு பென்சில் கனம் வந்திருந்தன.

இப்போது ஒன்றுகூட இல்லை.

ஐந்தையும் டார்சி மழித்திருந்தான். இரண்டு பக்கமும் தாழ்ந்து கிடந்த கிளைகளை எடுத்துவிட்டு அடிமரத்தைச் சவரம் செய்த முகம் மாதிரி ஆக்கியிருந்தான். மீதிக் கிளைகள் எல்லாவற்றுக்கும் கம்பி சுற்றி, கீழே வளைத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, உச்சியில் கூராக முடித்திருந்தான். பைன் மரம். அத்தியைப் பிடித்து, இலையெல்லாம் உருவிப் பொடி இலை வரவைத்து, பைன் வேஷம் கட்டியிருந்தான். காயம் தெரியாமல் இருக்க மரப்பட்டை நிறத்தில் பசை வேறு. நோலீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் பசையை அழுத்தினாள். உள்ளே கொழகொழவென்று அமுங்கியது. விரலைப் பாவாடையில் மூன்று முறை துடைத்தாள். போகவில்லை.

சட்டிக்குப் பக்கத்தில் நீல ரிப்பன். முதல் பரிசு. அட்டையில் உரிமையாளர் என்று அவள் பெயர், வடிவமைப்பு என்று அவன் பெயர்.

டார்சி, கண்காட்சி நடந்த ஸ்கவுட் கூடத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். கண்ணில் தண்ணீர் வேறு. இந்த மூன்று மாதமும் டெலிபோனில் மரம் சௌக்கியமா என்று அவள் கேட்டபோதெல்லாம் ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்ததை, வாயை அடக்க எவ்வளவு கஷ்டப்பட்டான் என்பதை, பெருமையாகச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பரிசாம். ஆச்சரியமாம். ஆபரேஷன் செய்துகொண்டவளுக்குச் சங்கத்தின் அன்பாம். நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கை தட்டுகிறவர்கள் நடுவில் என்னத்தைச் சொல்ல?

"என்ன நோல், வாயடைச்சுப் போச்சா?" என்றான். "கொஞ்சம் குப்பையா கெடந்துச்சு. நான் துப்புரவு பண்ணேன், அவ்ளோதான்."

"விழுது எங்க, டார்சி?"

"எது, அந்த நூலுங்களா? உரக்குழிக்குப் போயிருச்சு." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேப்பிளை இன்னும் தொடவில்லை என்றும், ஜூலைக் குளிரில் இலை எல்லாம் கொட்டி எலும்பு தெரியும்போது அதையும் ஒரு கை பார்க்கலாம் என்றும் சொன்னான். அவள் அன்றைக்கே மேப்பிள் தன் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றாள். சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்று தலையாட்டினான். அவனுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

அதற்குள் கான்பெராவிலிருந்து வந்திருந்த ஹார்ட்விக் என்பவர் அவளிடம் வந்து கை குலுக்கினார். தேசியக் கண்காட்சிக்கு மரம் தேர்ந்தெடுக்கிறவர். நோலீன் இரண்டு முறை அந்த அத்தியின் படத்தை அவருக்கு அனுப்பி, இரண்டு முறையும் 'இன்னும் ஒழுங்குபட வேண்டும்' என்று பதில் வாங்கியிருந்தாள். இப்போது ஒழுங்குபட்டுவிட்டதாம். அடிமரம் என்ன சுத்தம், என்ன அடுக்கு என்று வியந்துவிட்டு, ஒரு படிவத்தை நீட்டினார். நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் மே மாதம் மரம் கான்பெரா போகும்.

அந்தப் படிவத்தைக் கையில் வாங்கிய கணம் அவள் நெஞ்சு துள்ளியது. அதுதான் கண்றாவி. இருபது வருஷ ஆசை, நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றது. பெரிய கூடம், கறுப்புத் திரை, விளக்கு, கீழே அவள் பெயர். டார்சியைப் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தன்மேல் வந்தது அதைவிடக் கேவலமாக இருந்தது. தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது, யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

கண்காட்சி முடியும்வரை மேசை மேல் இருக்கும் மரத்தை யாரும் தொடக் கூடாது, சொந்தக்காரரே ஆனாலும். விதி விதிதான். நோலீன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மரத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். யாரோ டீயும் லாமிங்டன் கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேக்கை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். பிப்ரவரிக் கோடை வெயிலில் தகரக் கூரை தகித்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அவளையும் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வாய் புளித்தது. மடியில் படிவம் வியர்வையில் நமத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால்தான் என்ன என்று பத்து முறையாவது நினைத்திருப்பாள். பேனாவை ஒரு முறை திறக்கவும் செய்தாள்.

நாலு மணிக்கு டார்சி மைக்கில் நன்றி சொல்லிக் கண்காட்சியை முடித்து வைத்தான். நோலீன் கையெழுத்துப் போடாத படிவத்தை நாற்காலியில் விட்டு எழுந்து, மரம் வெட்டிச் செயல்முறை காட்டிய மேசைக்கு நொண்டி நொண்டிப் போய், அங்கே கிடந்த மடக்கு ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு, அடிமரத்தில் கீழிருந்து ஒரு சாண் உயரத்தில் ரம்பத்தின் பல்லை வைத்தாள். அடுக்கு, கூர், கம்பி எல்லாமே அதற்கு மேலேதான் இருந்தன.

படிவம் வாங்க வந்துகொண்டிருந்த ஹார்ட்விக் அப்படியே நின்றார்.

டார்சி மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "நோல், என்ன பண்ற? இது மறுபடி மரம்னு ஆக இன்னும் பதினஞ்சு வருஷம் பிடிக்கும். உனக்கு எம்பத்தாறு ஆயிடும்."

"அத்திதானே. மொட்டையடிச்சாலும் துளிர்க்கும்," என்றாள். "நான் எம்பத்தாறு வரைக்கும் இருந்துட்டுப் போறேன். மேப்பிள் எனக்கு அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்."

ஒரு இழு இழுத்தாள். இடுப்பில் வலி சுரீர் என்றது, சட்டி நகர்ந்தது, ரம்பம் வழுக்கியது. இன்னொரு முறை வைத்தாள்.

"சட்டியக் கொஞ்சம் பிடிச்சுக்க, டார்சி."

சங்கத்தில் ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் சட்டியைப் பிடித்துக்கொள்வது முப்பது வருஷப் பழக்கம். அவன் யோசிக்கவே இல்லை. குனிந்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் அறுக்க அறுக்க வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் பால் கசிந்து, அடிமரத்தில் இறங்கி, சட்டி விளிம்பைத் தாண்டி, அவன் விரல் இடுக்குகளில் பிசுபிசுவென்று வழிந்துகொண்டிருந்தது.