வாங்கிய நாளின் மனது

நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் இன்வர்கார்கில் ஊரில் வீடு விற்று லாபம் பார்த்தவரிடம் வரித்துறை கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வாங்கிய நாளில் மனதில் என்ன இருந்தது? விற்பதற்கென்றே வாங்கியிருந்தால் லாபம் வருமானம், வரி உண்டு. பெற்ற பிள்ளை குடியிருக்க வாங்கியிருந்தால் அது மூலதனம், வரி கிடையாது. மனிதரின் மனதைக் கர்த்தர் ஒருவரே அறிவார் என்று நம்புகிறவன் நான். ஆனால் மர்டோ கெய்ர்ன்ஸின் கணக்காளனும் நான்தான். அதனால் விசாரணை அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மர்டோ ஆட்டுப் பண்ணையை விட்டு ஊருக்குள் வந்தவர். பாழடைந்த வீடொன்றை வாங்கி மகள் லோர்னாவிடம் ஒப்படைத்தார். அவள் டனீடின் நகரில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, தானே ஏறிக் கூரை மாற்றினாள். தன் சேமிப்பைப் போட்டுச் சமையலறை அமைத்தாள். வேலையெல்லாம் முடிந்ததும் மர்டோ வீட்டை விற்றுவிட்டார். இப்போது அவளைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார்.

"மர்டோ, அந்த வீட்ட எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டாள் வரி அதிகாரி மெரே.

"என் பொண்ணு குடியிருக்கத்தான். விக்கிற நெனப்பே கெடையாது."

லோர்னா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவாப்பா?"

"பின்ன? பல்ல இளிக்காம அவங்ககிட்ட சொல்லு."

"ஆமாங்க. 'இது ஒனக்குத்தான் புள்ள'ன்னு வாங்குன அன்னிக்கே சொன்னாரு. அத நம்பித்தான் வேலைய விட்டேன், என் காசப் போட்டேன். விக்கும்போது மறந்துட்டாரோன்னு நெனச்சேன்." அவள் முகம் சிவந்து மலர்ந்திருந்தது.

மர்டோ என் பக்கம் சாய்ந்தார். காது மந்தமானவர், அவர் ரகசியம் அறை முழுக்கக் கேட்கும். "இத எழுதிட்டா, வித்த பணம் தனக்குன்னு கேப்பாளா?"

"கேக்க வழியிருக்கு மர்டோ. கேக்கட்டுமே, நியாயந்தானே."

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தபடி மெரே பக்கம் திரும்பினார்.

"அடிச்சிடும்மா அத. விக்கத்தான் வாங்குனேன். மொத நாள்லேருந்தே."

"அப்ப லாபம் வருமானமாயிடும். மூணுல ஒரு பங்கு வரிக்கே போயிடும்," என்றாள் மெரே.

"போவட்டும். இவளுக்குன்னு சொன்னா முழுசுமே போயிடுமே!"

"அப்பா, எனக்குப் பணம் வேணாம். எழுதித்தர்றேன். எனக்காக வாங்குனேன்னு மட்டும் சொல்லுங்கப்பா."

"கூலியில்லாம கூரை போட ஆள் வேண்டியிருந்துச்சு. அப்படிச் சொன்னாத்தான் நீ ஏணியில ஏறுவே. கட்டிக்க ஒருத்தனும் வராதவளுக்கு மூணு ரூம் வீடு எதுக்கு? பூனை வளக்கவா?"

"போதும் மர்டோ," என்றேன். அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். மெரே பேனாவை வைத்துவிட்டு, "லோர்னா, வெளியில டீ இருக்கு. குடிச்சிட்டு வாங்களேன்," என்றாள்.

"இருக்கட்டும். அவளும் கேக்கட்டும்," என்றார் மர்டோ.

மெரே முடிந்தவரை மெல்ல வாசித்தாள்.

"ஒண்ணும் கேக்கல. சத்தமா!"

மெரே மறுபடியும் வாசித்தாள். மகளுக்காக வாங்கவில்லை என்ற வரியில் அவள் குரல் இடறியது. மர்டோ திருப்தியாகத் தலையசைத்துக் கையெழுத்திட்டார். லோர்னாவிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார்.

லோர்னா நடைவழியில் நின்று கோட்டுப் பொத்தானைப் போடத் தடுமாறினாள். மெரே அவள் முன் குனிந்து, சிறு குழந்தைக்குப் போடுவது போல ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். அப்போதுதான் லோர்னாவுக்கு அழுகை வந்தது.

"நல்ல வக்கீல் ஒருத்தர் எனக்குத் தெரியும்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சே. இனிமே எத வாங்கி என்ன பண்ண?"

வெளியே கார் ஒலிப்பான் அலறியது. நிறுத்தி, மறுபடியும் நீளமாக அலறியது.

லோர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கார்ல ஹீட்டர் வேல செய்யல. அவருக்குக் குளிரும்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.