ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பூவாத்தாளுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. ஓரகத்தி கந்தம்மாள் மனசு ஒடிந்து அழுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். கேட்பவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். அவளுக்கு நியாயமாகவே பட்டது.

புருசனைப் பறிகொடுத்தவள் எப்படி இருக்க வேண்டும் என்று மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு வரைமுறை உண்டு. கந்தம்மாளின் புருசன் செங்கோடன், பூவாத்தாளின் கொழுந்தன், லாரி ஓட்டப் போய் நாக்பூர் ரோட்டில் செத்து இரண்டு வருசம் ஆகிறது. முதல் ஆறு மாசம் அவள் ஒழுங்காகத்தான் இருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், சோறு தண்ணி இறங்காமல் அப்படியே கிடந்தாள். அப்போது தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊற்றியது பூவாத்தாள்தான், சும்மா சொல்லக் கூடாது. அப்புறம் கந்தம்மாள் சூரமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்று மாசம் கழித்துத் திரும்பியபோது கையில் கறுப்பு அட்டை போட்ட பைபிள், முகத்தில் சிரிப்பு. பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி ஒருத்தி ஜெபத்துக்குக் கூட்டிப்போய் வேதத்தில் சேர்த்துவிட்டாளாம். உடுத்தியிருந்தது அதே வெள்ளைச் சீலைதான். ஆனால் களை வெட்டும்போது வாயில் பாட்டு. கும்மி மெட்டில் ஏசுசாமியைப் பற்றி அவளே கட்டிய பாட்டு.

ஊர் சும்மா இருக்குமா? மாரியம்மன் நோம்பிக்கு அவள் வீட்டுப் பொங்கல் பானை வராத வருசமே கூட்டம் போட்டார்கள். வேதக்காரி வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, அவள் காட்டில் ஒருத்தரும் கூலிக்கு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. எதிரே வந்தால் பெண்கள் காறித் துப்பினார்கள். துப்பியவளைப் பார்த்தும் இவள், "நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டாள். அங்கேதான் பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் ஊட்டிய கஞ்சியில் எழுந்திருக்காதவள், எவளோ காட்டிய சாமியால் எழுந்து நடமாடுகிறாள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

எண்பத்து மூன்றில் மழை ஒரேயடியாகக் கைவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பொதுக் கிணறு. வாரத்தில் இரண்டு நாள் இறைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் ஊறியது. கரண்டும் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான். முறை பிரிக்க உட்கார்ந்தபோது பூவாத்தாள் முந்திக்கொண்டாள். "புதன் எங்களுக்கு. ஞாயிறு அவளுக்கு." அவள் புருசன் அர்த்தநாரி வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

கந்தம்மாளின் முகம் மாறியது. ஞாயிறு காலையில்தான் அவள் பஸ் ஏறித் திருச்செங்கோட்டுச் சர்ச்சுக்குப் போவாள். முறைக்காரர் வந்து மோட்டார் போடாவிட்டால் அன்றைய தண்ணீர் பங்காளிக்கு என்பது கிணற்று வழக்கம். அவளுக்காக மோட்டார் போடவோ மடை திருப்பவோ ஊரில் ஒரு ஆளும் வரமாட்டான்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் வேண்டாமுங்க்கா. வேற எந்த நாள் குடுத்தாலும் செரிங்க."

"உன்ற சாமி பெருசா, மொளகாச்செடி பெருசா? ரோசன பண்ணிக்க."

எப்படிப் போனாலும் தனக்கு வெற்றி என்று பூவாத்தாள் நினைத்தாள். சர்ச்சுக்குப் போவதை விட்டால் அந்தச் சிரிப்பு தானாக அடங்கும். விடாவிட்டால் அரை ஏக்கர் மிளகாய் காயும், அதோடு சிரிப்பும் காயும்.

முதல் ஞாயிறு கந்தம்மாள் விடியலில் குளித்து, பைபிளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். எட்டு மணிக்குப் பூவாத்தாள் மோட்டாரைப் போட்டு மொத்தத் தண்ணீரையும் தன் பருத்திக்குத் திருப்பினாள். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு மிளகாய்ச்செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. நாலாவது ஞாயிறு வரிசை வரிசையாக இலை கொட்டியது.

அன்று மத்தியானம் பூவாத்தாள் வேண்டுமென்றே வரப்பில் காத்திருந்தாள். கந்தம்மாள் வந்தாள். காட்டைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. வாய்விட்டு அழுதாள்.

ஆஹா, இதற்குத்தானே இத்தனை பாடு! பூவாத்தாள் வயிறு குளிர்ந்து கிட்டே போனாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய கந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க்கா. சாப்பிட்டீங்களா?" என்றாள். ஈரம் காயாத முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது.

"செத்த செடிக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு என்னடி இளிப்பு? வெக்கங்கெட்டவளே!"

"அழுதனே, பாத்தீங்கல்ல. இன்னமும் அழுவேனுங்க. நாத்து நட்டப்ப கொடம் கொடமா தூக்கி ஊத்துன செடிங்க்கா."

"அப்பறம் எப்படிடி சிரிக்கற?"

கந்தம்மாள் காய்ந்த செடி ஒன்றின் தூரைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவரு போனப்ப எனக்கு எல்லாமே போச்சுங்க. சூரமங்கலத்துல ஒரு நாளு முட்டி போட்டு அழுதுட்டு இருந்தேன். ஏசுசாமி பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சுங்க. அன்னைக்கு உக்காந்தவரு இன்னும் எந்திரிச்சுப் போகலீங்க. இந்தச் சந்தோசம் மழையில வந்ததுன்னா வெயில்ல போயிருக்கும். மழையில வரலீங்களே அக்கா."

"எம் மேல கோவமே இல்லாத மாதிரி நடிக்காத."

"கோவம் இல்லாம இருக்குங்களா? மொத வாரம் மண்ண வாரித் தூத்தோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சர்ச்சுல போயி அவருகிட்டத்தான் கத்துனேன். அப்பறம் உங்க பேரச் சொல்லி வேண்டிக்கிட்டேன். வாராவாரம் வேண்டிக்கறேனுங்க."

"எம் பேரையா? என்னன்னு?"

"உங்க பருத்தி நல்லா வெளையோணும்னு."

பூவாத்தாளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "உன்னைய யாருடி கேட்டா? எங்க பருத்திய உன்ற சாமிகிட்டச் சொல்ல நீ யாரு?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்தக் கத்தத் தன் குரலே அசிங்கமாகக் காதில் விழுந்தது. அதற்கும் சேர்த்துக் கந்தம்மாளைத் திட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு ஒன்றும் சரிப்படவில்லை. சுற்று வட்டாரத்தில் எந்தக் காட்டிலும் இல்லாத அளவுக்கு அவள் பருத்தி காய் பிடித்திருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். தன் கைப்பாடு என்று சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை. கந்தம்மாளிடம் பிடுங்கிய தண்ணீர், கந்தம்மாள் போட்ட வேண்டுதல். இதில் தன்னுடையது என்று என்ன இருக்கிறது? பருத்திக் காட்டுக்குள் காலை வைக்கவே கூசியது. தன்னை இப்படிக் கூச வைத்தவளை அவள் இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

ஐந்தாவது ஞாயிறு. கந்தம்மாள் மஞ்சப்பையோடு வண்டித்தடத்தில் போனாள். கும்மி மெட்டு தேய்ந்து தேய்ந்து மறைந்தது. எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பூவாத்தாள் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்து, இரண்டு காட்டுக்கும் பிரியும் இடத்தில் முட்டி நின்றது. வலது பக்கம் பருத்தி. அவள் மம்பட்டியை ஓங்கி இடது பக்க மடையை வெட்டினாள்.

"குடி! நல்லாக் குடி, நாசமாப் போறவளே! எனக்காக வேண்டறாளாம் வேண்டறா! உன்ற வேண்டுதலும் வேண்டாம், உன்ற தண்ணியும் வேண்டாம்!" ஒவ்வொரு பாத்தியாக வெட்டி விட்டாள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வசவு. பாதிக்கு மேல் செத்துப்போன செடி. மீதியில் அடித்தூரில் மட்டும் கொஞ்சம் பச்சை. அந்தப் பச்சையைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டிக்கொண்டேதான் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் பல நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது.

அர்த்தநாரி பருத்திக் காட்டிலிருந்து ஓடி வந்தார். "ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? நம்ம பருத்தி காயுது, செத்த மொளகாய்க்கு எதுக்குத் தண்ணிய உடறே?"

பூவாத்தாள் சேற்றுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாத்தியை வெட்டினாள்.

"இன்னைக்கு அவ முறைங்க" என்றாள்.