பொருத்தனைப் படகு

சனிக்கிழமை காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முற்றத்தைப் பெருக்கினேன். பெருக்கிய முற்றத்தையே மறுபடியும் பெருக்கினேன். சோளக்கஞ்சி அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் அடுப்பில் கஞ்சி இருப்பதே நினைவுக்கு வந்தது. துடைப்பத்தை வீசிவிட்டு வேலியோரம் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடற்கரை தெரியும். என் மகன் கார்னெட் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து அதையேதான் கழுவுகிறான்.

மறுநாள் எங்கள் கோயிலில் அறுப்புப் பண்டிகை. ஜமைக்கா முழுக்க இந்தப் பண்டிகை உண்டு, ஆனால் எங்கள் கரையில் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடுவோம். விளைத்ததில், வளர்த்ததில், பிடித்ததில் ஆகச் சிறந்ததை அவரவர் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து படைப்பார்கள். போதகர் ஜெபித்துவிட்டால் அது ஆண்டவருடையது. திங்கட்கிழமை ஏலம். கொடுத்தவர் தன் பொருளைத் தானே ஏலத்தில் எடுக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. எடுத்தால் சாமி கையிலிருந்து பிடுங்கினதாக ஊர் பேசும். இந்த வருஷப் புயலில் கோயில் கூரை பாதி பறந்துவிட்டதால் எல்லாருடைய கண்ணும் ஏலத்தின்மேல்தான் இருந்தது. ஏலத்திலும் என் படகின்மேல்.

ஆமாம், அந்தப் படகைத்தான் நான் கொடுப்பதாக இருந்தேன். என் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதியில் போன பிறகு, பசுவையும் ஆடுகளையும் விற்று நான் கட்டச் சொன்ன படகு அது. பேருக்கு என்னுடையது, ஓட்டுவது கார்னெட். புயலுக்கு முந்தின வாரம் இன்ஜின் நின்று, காற்று அவனைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையிலிருந்த அத்தனை படகும் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பின. நான் பெண்கள் நடுவே மணலில் புரண்டுகொண்டு கத்தினேன்: "ஆண்டவரே, என் பிள்ளையைக் கரை சேர்த்துடும்! இந்தப் படகையே அறுப்புக்கு உமக்குப் படைச்சிடறேன்!"

அவர் சேர்த்துவிட்டார். சரக்குக் கப்பல்காரர்கள் யாரோ அவனையும் படகையும் பார்த்து இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்போதே என் நாத்தனார் வினெட் என் காதருகே குனிந்தாள். "மதினி, பொருத்தனை பண்ணியிருக்கீங்க. நாங்க எல்லாரும் கேட்டோம்." அவள் அப்படித்தான். சாவு வீட்டில்கூடக் கணக்குக் கேட்பாள்.

எனக்கு அது சுமையாகத் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். படகு போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. கிங்ஸ்டனில் என் அண்ணன் ஒரு கிடங்கில் மேஸ்திரி. அவனிடம் பேசிவைத்திருந்தேன். கார்னெட்டுக்கு அங்கே வேலை, தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. ராத்திரியில் காற்று அடித்தால் நான் எழுந்து உட்கார வேண்டியதில்லை. இதெல்லாம் ஆண்டவரே கூட்டிவைத்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு ஏன் முற்றத்தை இரண்டு தடவை பெருக்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பொறுக்காமல் கடற்கரைக்கு இறங்கினேன்.

"எதுக்குடா இப்படித் தேய்க்கறே? பெயிண்டே உரிஞ்சிடும்போல."

"ஆண்டவருக்குக் குடுக்கறதை அழுக்கோடவா குடுக்கறது?" நிமிரவே இல்லை.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? படகு உன்னுது. வாக்கும் உன்னுது."

"நீ உசிரோட வந்தியேடா, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"வந்துட்டேன்ல? அப்புறம் ஏன் என்னைப் பார்க்கறப்பல்லாம் பொணத்தைப் பார்க்கற மாதிரியே பார்க்கறே?"

எனக்குச் சுருக்கென்றது. மரவள்ளி ரொட்டி சுட்டு வைத்திருக்கிறேன், வந்து தின்றுவிட்டுப் போ என்றேன். அவன் வரவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதில் என்னை ஜெயிக்க இந்தக் கரையில் ஆள் கிடையாது. அவன் வாயைத் திறக்காமல் தேய்த்ததுதான் என்னை வாட்டி எடுத்தது. வீட்டுக்கு வந்து நல்ல துணியையெல்லாம் எடுத்துத் துவைத்தேன். எல்லாம் ஏற்கெனவே துவைத்த துணி.

ஞாயிறு காலையில் ஆண்கள் கூடிப் படகுக்கடியில் உருளைக் கட்டைகளைப் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே மேட்டில் ஏற்றினார்கள். கோயில் வாசலில் அது நுழையாது. படிக்குப் பக்கத்தில் வாதுமை மரத்தடியில் நிறுத்தினார்கள். இருபுறமும் கரும்பு கட்டினார்கள். யாரோ ஒரு பெண் சேனைக்கிழங்கைக் கொண்டுவந்து படகுக்குள்ளேயே வைத்தாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. வாழைத்தார், ஈரப்பலா, தேங்காய், சின்னப் பிள்ளைகள் கொண்டுவந்த முட்டை என்று ஊர்க் காணிக்கை முழுவதும் என் படகில் ஏறியது. போதகர் லிண்டோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"சகோதரி அயோனி! நான் இந்தச் சபைக்கு வந்ததுலேர்ந்து இப்படி ஒரு காணிக்கையைப் பார்த்ததில்லை. ஆண்டவர் உங்களுக்குச் செஞ்சதை இன்னைக்கு நீங்கதான் சபை முன்னால சாட்சி சொல்லணும்."

பெருமையாக இருந்ததா என்றால், இருந்தது. தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். வினெட் கொண்டுவந்த பூசணிக்காய், ஆள் உயரத்துக்கு ஒரு சாண்தான் குறைச்சல் என்று ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தாளே அது, படகின் மூலையில் ஒரு கத்தரிக்காய் மாதிரிக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்குமா?

"மதினி, உங்க மனசுதான் மனசு," என்றாள் பக்கத்தில் வந்து. "நானா இருந்தா படகையும் குடுத்து, பிள்ளையையும் திட்டுக்கு அனுப்பிட்டு, இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

"என்னடி உளர்றே? எந்தத் திட்டுக்கு?"

"தெரியாதா? அய்யய்யோ! செவ்வாய்க்கிழமை கேப்டன் ஸ்வேபி படகுல சங்கு குளிக்கப் போறானாமே கார்னெட். பை கட்டி எங்க வீட்டுலதான் வச்சிருக்கான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எனக்கு நின்ற இடம் நழுவியது. திட்டு என்பது தெற்கே நடுக்கடலில், கரையே கண்ணுக்குத் தெரியாத இடம். வாயில் ரப்பர்க் குழாயை வைத்துக்கொண்டு அடிவரைக்கும் இறங்கிச் சங்கு பொறுக்க வேண்டும். எங்கள் தெருவில் ரெனால்டோ என்று ஒருவன் இருக்கிறான். போன வருஷம் அந்த ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்று அடைத்துக்கொண்டவன், இடுப்புக்குக் கீழே விளங்காமல் இன்னமும் ஜன்னலோரம் படுத்திருக்கிறான்.

கோயிலுக்குப் பின்னால் மழைநீர்த் தொட்டியருகே கார்னெட்டைப் பிடித்தேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன் என்றே சொல்லலாம்.

"சங்கு குளிக்கப் போறியா?"

"யார் சொன்னா? அத்தையா? அவ வாய்ல புளியை வச்சு அடைக்க."

"போறியா இல்லையா, அதைச் சொல்லு!"

"போறேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"மாமா கிடங்குல..."

"தெரியும். மாமா போன் பண்ணிட்டாரு. மூட்டை எண்ணற வேலை. என்னைக் கேட்டியா நீ? எனக்குக் கடலைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதும்மா. சொந்தப் படகு இருந்தா கரை தெரியற தூரத்துல வலை போட்டுப் பொழைப்பேன். அது இல்லேன்னா கூலிக்குத்தான் போகணும். கூலிக்குன்னா ஸ்வேபிதான் கூப்பிடறான். நீ ஆண்டவருக்கு நன்றி சொல்லு, நான் வேண்டாங்கலை. ஆனா நீ குடுக்கறது என் கை காலை."

உள்ளே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. அவன் என் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அந்த ஆராதனையில் என்ன பாடினார்கள், என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விசிறியை மடக்கினேன், விரித்தேன். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் போனேன். பக்கத்திலிருந்தவள் வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆண்டவரே, நான் உமக்குப் படகைத்தானே கொடுக்கிறேன், ஏன் இப்படி வதைக்கிறீர் என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மணலில் கிடந்து நான் கத்தியபோது மனதில் இருந்தது என்னவென்று. படகு போனால் இவன் என்னைவிட்டு இனிக் கடலுக்குப் போக முடியாது. அவ்வளவுதான் இருந்தது. நன்றி அதற்குமேல் போட்ட துணி.

"இப்போ நம்ம சகோதரி அயோனி சாட்சி சொல்லுவாங்க. அதுக்கப்புறம் காணிக்கையை ஆசீர்வதிப்போம்," என்றார் போதகர்.

ஆசீர்வதித்துவிட்டால் அதோடு சரி. எழுந்தேன்.

"நான் கடற்கரையில கத்தினதை எல்லாரும் கேட்டீங்க," என்றேன். "அது நன்றியில சொன்னது இல்ல. பயத்துல சொன்னது. என் பிள்ளை இனிமே கடலுக்குப் போகக் கூடாதுன்னு, ஆண்டவர் பேரைச் சொல்லி அவன் சோத்தைப் பிடுங்கப் பார்த்தேன். அவனைக் கேக்கவே இல்ல. படகு போனா எனக்கு ஒண்ணும் வலிக்காது, நிம்மதியாத் தூங்குவேன். வலிக்காததைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டு, நீங்க புகழறதையும் கேட்டுக்கிட்டு நின்னேன். இந்தப் படகை நான் குடுக்கலை."

ஒரு குழந்தை இருமியது. போதகரின் முகம் வாடிவிட்டது, அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். நீலத் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது.

"சகோதரி, நீங்க அன்னைக்குச் சொன்னதை ஆண்டவர் கேட்டாரே?"

"நான் சொல்லாம ஒளிச்சதையும் கேட்டிருப்பார், ஐயா."

"அப்ப வெறுங்கையோடவா மதினி?" வினெட் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"இவனைக் குடுக்கறேன். அவர் திருப்பிக் குடுத்த பிள்ளையை நான் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். இப்ப அவிழ்த்துட்டேன். கடல்ல இருந்தாலும் கரையில இருந்தாலும் இவன் அவரோட பிள்ளை."

"அது சரி. பிள்ளையை நாளைக்கு ஏலம் விடலாமா? கூரைக்குத் தகரம் வருமா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம்தான்.

"வராதுடி," என்றேன்.

ஆராதனை முடிந்ததும் படகிலிருந்து எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. நானே ஏறி நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் வரைக்கும் என் வீட்டில் உப்பும் சர்க்கரையும் கடன் வாங்கினவர்கள், என் முகத்தைப் பார்க்காமல் தங்கள் கிழங்கை வாங்கிக்கொண்டு போனார்கள். "சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக்கிட்டாளே" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. இந்தக் கோயிலில் பிள்ளைப்பிராயத்திலிருந்து சேர்த்துவைத்த நல்ல பேர் அன்று ஒரே மத்தியானத்தில் போயிற்று. அதுதான் வலித்தது. கார்னெட் கீழே நின்று வினெட்டின் பூசணிக்காயை என் கையிலிருந்து வாங்கினான். "உக்காரும்மா, நான் பார்த்துக்கறேன்," என்றான். உட்காரத்தான் எனக்கு முடியவில்லையே.

திங்கட்கிழமை காலை ஏலத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். ஊரே மேட்டில் இருந்தது. படகைத் தள்ள ஓர் ஆளும் வரவில்லை. நானும் கார்னெட்டும் மட்டும் தள்ளினோம். பாவாடை இடுப்புவரை நனைந்துவிட்டது. அலை வந்து படகைத் தூக்கியதும் அவன் தாவி ஏறிக்கொண்டான். சீக்கிரம் வந்துடு, தூரப் போகாதே, மேகத்தைப் பார்த்துக்கோ என்று வாய்வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவன் முதுகு என்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே, தொண்டை கிழிய, "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம்!" என்றேன்.

கார்னெட் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா? திரும்பி வரணுமா?"

"உன்கிட்டப் பேசலடா," என்று கத்தினேன். "நீ போ!"