கூப்பிடாத பெயர்

கப்பலில் வேலை செய்கிறவனுக்கு மழையைப் போல எதிரி வேறு இல்லை. கடல் கொந்தளித்தால்கூடப் பரவாயில்லை, பயணிகள் சத்தி எடுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது மழை பிடித்தால் அவ்வளவுதான், ஒருத்தரும் இறங்கமாட்டார்கள். பார்த்த இடமெல்லாம் ஈரத் துவாய், தேத்தண்ணிக் கோப்பை, இன்னொரு தலையணை கிடைக்குமா என்ற கேள்வி. பயணி இறங்காவிட்டால் கபின் துப்புரவாக்குகிற எங்களுக்கும் இறக்கம் இல்லை. அது எங்கள் சூப்பர்வைசர் என்ற புண்ணியவான் போட்ட சட்டம்.

அன்றைக்கு நாங்கள் கட்டியிருந்தது கொழும்பில், என்னுடைய ஊரில். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு நவம்பர் மாதம். சமாதானப் பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்ததால் உல்லாசக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். மேல்தட்டில் நின்றால் மழைக்குள்ளால் கொட்டாஞ்சேனை சென்ற் லூசியாஸ் கோயிலின் கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் என்னுடைய வீடு. ஏழு மாதமாகப் பார்க்காத பெண்சாதி அங்கே விடியற்காலையிலேயே பன்றி இறைச்சிக் கறி வைத்திருந்தாள். நோபேட் சவுந்தரநாயகம் ஆகிய நான் இங்கே கழிப்பறை பிரஷ்ஷோடு நின்றேன்.

கப்பல் படியில் நின்றபடியே, ஜெற்றியில் நின்ற ஒருவனின் போனை வாங்கிப் பெண்சாதி மாக்ரெட்டுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"மழையெண்டா குடை இல்லையா உங்கட கப்பல்ல? சரி, கறிய நாய்க்குப் போடுறன்" என்று போனை வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தால் இன்னும் வாங்கிக் கட்டவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த எரிச்சலோடுதான் நடைவழியின் கடைசி கபினுக்குப் போனேன்.

அதில் இருந்தவர்கள் லண்டனில் இருந்து வந்த யாழ்ப்பாணத்துத் தம்பதி. சிவானந்தன் ஐயா, கௌரி அம்மா. இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. நானும் தமிழன் என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரணை தொடங்கிவிடும், வேலை நடக்காது. சட்டையில் குத்தியிருந்த நோபேட் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் என்னைக் கோவாக்காரன் என்று நினைத்திருந்தார்கள். நினைக்கட்டும் என்று இருந்தேன்.

பம்பாயில் ஏறிய முதல் நாளே அந்த அம்மா மூன்றாவது கட்டிலையும் விரிக்கச் சொன்னார். சுவரோடு மடித்து வைக்கிற சின்னக் கட்டில் அது. மனுசன் குறட்டை விடுகிறார் போல என்று சிரித்துக்கொண்டு விரித்தேன். காலையில் போய்ப் பார்த்தால் மூன்று கட்டிலிலும் ஆள் படுத்த அடையாளம். சின்னக் கட்டிலில் மட்டும் தலைமாட்டில் இருந்து பாதிவரைதான் விரிப்புக் கசங்கியிருந்தது. கால்மாட்டில் நான் போட்ட மடிப்புக் குலையவே இல்லை.

இன்னொன்று, லைஃப் ஜாக்கெட்டுகள். அவை எப்போதும் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கவேண்டும். இந்தக் கபினில் தினமும் அவை வெளியே நிலத்தில் கிடக்கும். அலுமாரிக்குள் தொங்கும் உடுப்புகளும் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, அடியில் வெற்றிடமாக இருக்கும். நான் திருப்பி வைப்பேன். அடுத்த நாள் மறுபடியும் நிலத்தில் கிடக்கும். சோதனைக்கு வருகிறவனிடம் ஏச்சு வாங்கியது நான்தான். பணக்காரருக்கு விசர் பிடித்தால் அதற்கும் நாங்கள்தான் துடைக்கவேண்டும் என்று மனதுக்குள் திட்டினேன்.

அன்று கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேரும் தமிழில் கதைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஒருக்கா வாரும் கௌரி. அந்த லேனுக்குள்ள நிண்டு ஒரே ஒருக்காக் கூப்பிடும். அதுக்குப் பிறகு நான் உம்மை ஒண்டும் கேக்கமாட்டன்."

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"இதுக்குத்தானே இந்தக் கப்பல்ல வந்தது? பிளேனில கொழும்புக்கு வரமாட்டன் எண்டு இருவது வருசமாச் சொன்னீர். கப்பலெண்டால் கொழும்பு தானா உம்மட காலடிக்கு வரும் எண்டு நினைச்சன்."

ஐயா குடையோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில், மனைவிக்கு உடம்பு சரியில்லை, இடைக்கிடை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் திகைத்துப் போனார். "நீர் தமிழோ?"

"கொட்டாஞ்சேனை."

நான் பயந்த விசாரணை வரவில்லை. என் கையைப் பிடித்தார். "அவவைத் தனிய விடாதேயும் தம்பி. உடம்புக்கு ஒண்டுமில்லை. எங்கட மகன் தன்னோட இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. மனம் சரியில்லை."

அவர் படியிறங்கிப் போனார். நான் அடுத்த கபினில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. தேங்காய்த் தும்பு எரிகிற மணம்.

கப்பல்காரனுக்கு நெருப்பைவிடப் பெரிய பயம் இல்லை. ஓடிப்போய்க் கடைசி கபினைத் தட்டித் திறந்தேன். புகை இல்லை, மணம் மட்டும் மூக்கை அடைத்தது. கௌரி அம்மா சின்னக் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். சைவக்காரர், ஊர் கண்டதும் சாமிக்கு எதையோ கொளுத்திவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஊதுபத்தி கொளுத்தினீங்களா அம்மா? கப்பல்ல நெருப்புக் கொளுத்தக் கூடாது. என்ட வேலை போயிரும்."

நான் தமிழ் கதைத்தது அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. "நான் ஒண்டும் கொளுத்தேல்லை. அது அவனில வாற மணம். கொழும்பு கிட்டக் கிட்டக் கூடுது."

நம்பாமல் அறை முழுவதும் தேடினேன். அலுமாரிக் கதவைப் பிடித்து இழுத்தேன். திறக்கவில்லை. அந்த அலுமாரிக்குப் பூட்டே கிடையாது. மறுபடி இழுத்தேன். கொஞ்சம் திறந்தது, பிறகு உள்ளே இருந்து மெல்ல இழுபட்டு மூடிக்கொண்டது. பெரிய பலம் ஒன்றும் இல்லை. என் மூத்தவன் குளியலறைக் கதவை உள்ளே நின்று இழுத்துப் பிடிப்பானே, அந்த அளவு பலம்தான்.

"இழுக்காதேயும் தம்பி" என்றார். "பயப்பிடுவான்."

அந்தோனியாரே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். ஓடியிருக்கவேண்டும். கால் வரவில்லை, அதுதான் உண்மை. அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, பால்கனிக் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"எண்பத்திமூண்டு கலவரம் நடக்கேக்க எங்களுக்கு இங்க வெள்ளவத்தையில வீடு. இவர் கந்தோருக்கு வேலைக்குப் போயிட்டார். சந்தியில தமிழற்ற கடையள் எரியுது எண்டு கேள்விப்பட்டு, மகனைப் பின்பக்கம் விறகும் தும்பும் போடுற அறைக்குள்ள ஒளிச்சு வைச்சன். ஆறு வயசு. சரியான வாய்க்காரன், ஒரு நிமிசம் கதைக்காமல் இருக்கமாட்டான். ஆர் கூப்பிட்டாலும் சத்தம் போடாதை, அம்மா வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வா எண்டு சொல்லிப்போட்டுக் கேற்றைப் பூட்ட ஓடினன். அதுக்குள்ள வந்திட்டாங்கள்."

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் கௌரி அம்மாவை மதிலுக்கு மேலால் இழுத்துப்போய், கட்டிலுக்குக் கீழே தள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு தானும் பக்கத்தில் படுத்துவிட்டாளாம். வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும், அந்தப் பெண்ணின் புருஷன் பின்வளவுக்குள் இறங்கி "புத்தா, புத்தா" என்று, சிங்களத்தில் மகனே என்பதுபோல, கூப்பிட்டுக்கொண்டே தேடியிருக்கிறார். ஒரு சத்தமும் வரவில்லை.

"சொல்லுக் கேக்காத பிள்ளை" என்றார் கௌரி அம்மா. "அண்டைக்கு மட்டும் கேட்டுப்போட்டான்."

நான் அலுமாரிக் கதவைப் பார்த்தேன்.

"சாம்பலுக்குள்ள ஒண்டும் கிடைக்கேல்லை, ஒரு எலும்புகூட. இவர் அகதிக் காம்ப் காம்பாத் தேடினார். பிறகு இதே துறைமுகத்தில இருந்துதான் எங்களைச் சாமான் கப்பலில காங்கேசன்துறைக்கு ஏத்தினது. எல்லாரும் அழுது குழறினம். நான் சத்தம் போடேல்லை. என்ர குரல் கேட்டால் வெளியில வந்திடுவான், அவங்கள் பிடிச்சிடுவாங்கள் எண்டு பயம்."

"பிறகு, கலவரம் ஓய்ஞ்ச பிறகு?"

"பிறகு வேற பயம். நான் கூப்பிட்டு அவன் வராட்டி? கூப்பிடாத மட்டும் அவன் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறான், அவ்வளவுதான். இருவது வருசமா அவன்ர பேரை நான் வாயால சொன்னதில்லை. இவர் என்னை விசரி எண்டு நினைக்கிறார்."

இரக்கத்தோடு கோபமும் ஏறியது எனக்கு. என் வாய்க்குப் பூட்டில்லை என்று மாக்ரெட் சொல்வது சும்மா இல்லை.

"கோவிக்காதீங்க அம்மா. நீங்க நினைக்கிற மாதிரி அவன் உள்ளுக்க இருந்தா, அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம்? வாய் ஓயாத பிள்ளை எண்டு சொல்றீங்க. இருவது வருசம் வாயைப் பொத்திக்கிட்டு இருட்டுக்குள்ள குந்தியிருக்கிறான். நீங்க பயப்படுறீங்க எண்டு அவன் இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கோபமே இல்லை. அப்படி ஒன்றை யோசிக்கவே இல்லை என்ற மாதிரிப் பார்த்தார். நான் எழும்பி வந்துவிட்டேன். தும்பு மணம் நடைவழி முடியும்வரை கூடவே வந்தது.

பின்னேரம் ஐயா தெப்பமாக நனைந்து திரும்பி வந்தார். குடையை எங்கேயோ விட்டுவிட்டார். வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி கட்டியிருக்கிறார்களாம், பின்வளவு கார் நிறுத்துகிற இடமாம். காவல்காரன் அடையாள அட்டை கேட்டானாம்.

"நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா ஐயா?"

"ஏலாது தம்பி. அவன் தாய்க்குத்தானே காத்திருந்தவன்" என்று சொல்லிவிட்டு, நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். மனம் சரியில்லாதது அந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

பொழுது படும் நேரம் கப்பல் வெளிக்கிட்டது. அது நாங்கள் படுக்கை விரிக்கிற நேரம். தெற்கே திரும்பிக் கரையோரமாகப் போகிறோம், மழை விட்டபாடில்லை. கடைசி கபினுக்குள் போனபோது ஐயா ஈர உடுப்போடு கதிரையில் இருந்தார். கௌரி அம்மா பால்கனியில் மழைக்குள் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். கோல்பேஸ் கடற்கரை விளக்குகள் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி, இப்ப வாறது வெள்ளவத்தைதானே? ஒளிச்சு வைச்ச இடத்தைப் பாத்துத்தான் கூப்பிடவேணும்."

"ஓம் அம்மா. அந்த உயரக் கட்டடத்துக்கு அங்கால."

அவர் மூச்சை இழுத்தார். ஐயா கதிரையை விட்டு எழும்பினார்.

"நிமலன்!"

செத்தவரைக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. றோட்டில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல், கொஞ்சம் அதட்டலோடு. "நிமலன்! அம்மா வந்திட்டன். அவங்கள் போயிட்டாங்கள். வா ராசா, இனிக் கதைக்கலாம்."

காற்றும் மழையும் இயந்திர இரைச்சலும்தான் கேட்டன.

பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால், அறைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஓம் அம்மா."

நாள்கணக்கில் கதைக்காமல் இருந்த பிள்ளையின் குரல், கட்டிப்போய் இருந்தது. ஐயா என் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில் அவருக்கும் கேட்டது என்று தெரிந்துகொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துணிச்சல் எங்களுக்கு இருக்கவில்லை.

பால்கனியில் நின்றவர் திரும்பவில்லை. அவருடைய முகம் கரையைப் பார்த்து இருந்தது. காது முழுவதும் காற்று. இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"ஓம் அம்மா" என்றது பின்னால், கொஞ்சம் அவசரமாக.

அவர் கரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளவத்தை விளக்குகள் கடந்து போகும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"சத்தம் இல்லை" என்றார் புருஷனிடம். "என்னப்பா, எங்கட பிள்ளை செத்துப்போச்சுது."

சொல்லிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து குழறத் தொடங்கினார். இருபது வருடம் அடக்கி வைத்த குழறல். நடைவழியில் போன வெள்ளைக்காரர் நின்று கேட்டிருப்பார்கள்.

அம்மா, அவன் பதில் சொன்னான் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐயா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். சொன்னால் இந்த மனுசி இன்னும் இருபது வருடம் அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பார். சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை? எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அப்போது அது மறுபடி கேட்டது. முன்னையைவிடச் சின்னக் குரலில், அனுமதி கேட்கிற மாதிரி.

"அம்மா, வெளியில வரட்டோ?"

சிவானந்தன் ஐயா நிலத்தில் முழந்தாளிட்டு மனைவியின் தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கி அணைத்தார். வெளியே தெரிந்த மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தினார்.