தூங்கும் விரலுக்கு எடுத்த அளவு

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியை அதிகமாகப் பார்த்தது அவள் தூங்கும்போதுதான். அவனுக்குக் காலை வேலை. அவளுக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் மாலை வேலை. செய்தி வாசிப்பவர் பேசப் பேச, காது கேளாதவர்களுக்காக அதைத் தட்டச்சு செய்து திரையின் அடிப்பகுதியில் எழுத்தாக ஓடவிடுவாள். அவன் கிளம்பும்போது அவள் குறட்டை விடுவாள், அவள் திரும்பும்போது அவன் விடுவான். ஞாயிறு ஒன்றுதான் இருவருக்கும் பொது. அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும்.

இந்த நிலையில்தான் அவள் நிலையத்தின் காலைப் பணியில் ஓரிடம் காலியானது. தட்டச்சுப் போட்டி வைத்து, பிழை குறைவாக அடிப்பவருக்கு அதைக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அவரவர் கீபோர்டைக் கொண்டுவரலாம். அவளுக்கோ மணிக்கட்டு வலி. உயரமான பழைய கீபோர்டில் கையை மேலே மடக்கி மடக்கி நரம்பு கெஞ்ச ஆரம்பித்திருந்தது.

"தட்டையா ஒண்ணு வாங்கித் தரேன், கவலைய விடு" என்றான்.

வாங்கித் தருகிறேன் என்றவன் செய்தே தருவதென்று உட்கார்ந்துவிட்டான். நாளெல்லாம் பொத்தானோடு மல்லுக்கட்டுகிற ஆளை வைத்துக்கொண்டு வேறென்ன நடக்கும்? ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சுவிட்ச், அதன் தலையில் ஒரு மூடி, எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், வேண்டாமென்றால் பிடுங்கி வேறு மாட்டலாம் என்று தெரிந்ததும் ஊண் உறக்கம் மறந்தான். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கீபோர்டு, உயரம் குறைந்த சுவிட்ச் என்பதுவரை சுலபமாக முடிவானது. லேசாகத் தொட்டால் இறங்குவதா, அழுத்தினால் இறங்குவதா என்பதில்தான் மாட்டிக்கொண்டான்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரிக்கு."

"அவங்கள கூட்டிட்டு வாங்க. செருப்பு மாதிரிதான் சார், போட்டுப் பாக்காம எடுக்கக் கூடாது."

கூட்டிக்கொண்டு வரவா? வார நாளில் கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒன்று இவன் வேலையில் இருப்பான், இல்லாவிட்டால் அவள். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரலாமென்றால், சொல்லிக்கொள்ளாமல் கொடுத்து அசத்த வேண்டும் என்ற ஆசை விடவில்லை. மாதிரிச் சுவிட்சுகள் சிலவற்றை வாங்கி வந்தான். மறுநாள் காலை, அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் சுண்டுவிரலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான்.

கெட்டிச் சுவிட்ச் அசையவே இல்லை. நடுத்தரமும் அப்படியே. இருப்பதிலேயே லேசானதுதான் ஏதோ பெயருக்கு இறங்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், விரலில் வலுவே இல்லாமலா இத்தனை நாள் அடித்துக்கொண்டிருந்தாள்! அவள் முனகிக்கொண்டே புரண்டதில் ஒரு சுவிட்ச் தலையணை உறைக்குள் போய்விட்டது. அதைத் தேடியதில் பஸ்ஸும் போய்விட்டது.

ஆக, இருப்பதிலேயே லேசான சுவிட்ச். மேலே கூழாங்கல்லாக வழவழத்த மூடிகள், ஒன்றிலும் எழுத்து கிடையாது. பார்க்காமல் அடிப்பவளுக்கு எழுத்து எதற்கு என்பது மேதையின் எண்ணம்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு எடுத்துக் கொடுத்தான். அவள் விரல்களை வைத்தாள். ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது. கையைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தாள். இந்த முறை வேறோர் எழுத்து ஓடியது.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்று சிரித்தாள்.

அவன் பூரித்துப்போய்க் காபி போட உள்ளே போனான். திரும்பி வரும்போது அவள் பழைய கீபோர்டை அலுவலகப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு?"

"சும்மா... ரெண்டும் இருக்கட்டுமேன்னு."

"மழுப்பாத."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விரலை வச்சாலே எழுத்து கொட்டுதுங்க. நான் வச்சுக்கிட்டே காத்திருந்து, பேச்சு வந்ததும் சம்மட்டியா இறக்கறவ. சுட்டுவிரல் இடம் கண்டுபிடிக்க ஒரு மேடுகூட இதுல இல்ல. இதை எடுத்துட்டுப் போனா வேலை போச்சு, பழசை எடுத்துட்டுப் போனா கை போச்சு. கை போனா போகட்டும்னு விட்டேன்."

"அளவெடுத்துத்தானே செஞ்சேன்!"

"எப்போ எடுத்தீங்க?"

சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தூங்கறவ விரலையா? முழிச்சிருக்கும்போது ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"நீ எப்போ முழிச்சிருக்க?"

கோபத்தில் கேட்டுவிட்டான். கேட்டபிறகு இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

பழைய கீபோர்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தான். "அடி. பாக்கறேன்."

வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டைப் பிரித்துச் செய்தி வாசிக்கும் குரலில் படித்தான். அவள் அடித்தாள். மேசை அதிர்ந்தது. சுண்டுவிரல் கொத்திக் கொத்தி எடுத்தது. இடது கட்டைவிரல் எந்த வேலையும் செய்யாமல் பெரிய மனுஷத்தனமாக மேலேயே நின்றது. பாதியில் அவன் படிக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றான். இவ்வளவு வேகமான ஆளோடா குடித்தனம் நடத்துகிறோம் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கடை சாத்துவதற்குள் இருவரும் ஓடினார்கள். புதுக் கீபோர்டில் மாற்றி மாட்ட, அவளே அழுத்திப் பார்த்துக் கெட்டிச் சுவிட்ச் எடுத்தாள், நடுவில் குழிந்து, சுட்டுவிரலுக்கு மேடு வைத்த மூடி எடுத்தாள். கடைக்காரர் சிரிக்காமல் பில் போட்டார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

காலைப் பணி அவளுக்குத்தான் கிடைத்தது.

அதில் சேர்ந்த முதல் நாள், இருவரும் வீடு திரும்பியபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவளுக்கு எதிரே உட்கார்ந்தவன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. முழிச்சிருக்கியே, அதான்."