போகாத தூரம்

நாலு வருஷமாகக் கான்பராவில் கேவா ஒரே ஒரு கேள்வியோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். 'எவ்வளவு தூரம் போனாய்?' என்று கேட்கலாம். 'எவ்வளவு தூரம் போகவில்லை?' என்று யாரும் கேட்பதில்லை. போன தூரத்துக்கு ஒரு முடிவு உண்டு. போகாத தூரத்துக்கு ஏது? பதிலே இருக்க முடியாத கேள்வியை எந்த மொழியும் ஏற்காது என்பது அவள் மொழியியல் ஆய்வின் வாதம். தன் தாய்மொழியிலும் அப்படித்தானா என்று பார்க்கத்தான் பப்புவாக் கரையிலிருக்கும் ஊருக்கு வந்திருந்தாள்.

முதலில் தாய்மாமன் ரெனாகியிடம் கேட்டாள். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏண்டி, இதுக்கா வெள்ளைக்காரன் ஊருல படிக்கிற? கள்ளு குடிச்சவன்கூட இப்படிக் கேக்க மாட்டான்!"

கேவாவும் சிரித்துக்கொண்டே நோட்டில் அந்த வாக்கியத்தைத் தவறு என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், சந்தைக்குப் படகில் மீன் ஏற்றிப்போன மாமாவின் மகன் டாய் திரும்பவில்லை. மூன்று படகுகள் இரண்டு நாள் தேடிவிட்டு வந்தன. தேவாலய முற்றத்தில் ஊர் கூடியது. தேடப் போயிருந்த கவுன்சிலர் வேலே தரையைப் பார்த்தபடி பேசினான்.

"பாறைத்திட்டு தாண்டியும் பாத்தாச்சுண்ணே. பெட்ரோல் தீந்துபோச்சு."

"போனது இருக்கட்டும்டா," என்றார் ரெனாகி. "எவ்வளவு தூரம் போகல? அதச் சொல்லு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. வேலே கடலைப் பார்த்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று இருநூறு பக்கம் எழுதியவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தேடுவதற்குப் படகு அனுப்பச் சொல்லித் தலைநகர் மோர்ஸ்பியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். காற்று ஓயட்டும் என்றார்கள். காற்று ஓயவில்லை. ஐந்தாம் நாள் அத்தை தலைமுடியை வெட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ரெனாகி வாசலில் நின்று கத்தினார்.

"நிறுத்துடி! உடம்பு வரல, அதுக்குள்ள எவனுக்கு அழற?"

அவள் நிறுத்தவில்லை. அவர் கரைக்குப் போய், இயந்திரம் கழற்றிக் கிடந்த படகைத் தனியாளாகத் தண்ணீரில் தள்ளப் பார்த்தார். முடியவில்லை. கேவா ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். ஈர மணலில் அது ஒரு முழம்கூட நகரவில்லை.

"விடு மாமா."

"தள்ளுடி," என்றார் அவர்.


அவள் தள்ளினாள்.